‘ப’ போட்ட பலகை

லாயிடின் ஜீப் சீட்டுகள் இரண்டும் லிங்கராஜபுரத்தில் முனிகிருஷ்ணனின் சீட் தைக்கிற கடைக்கு வந்து மூன்று நாளாகிவிட்டது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு வாத்தியார் குடும்பத்தைச் சாவனதுர்கா மலைக்கு ஏற்றிப் போக வேண்டும். ஜீப் வாங்கிய பிறகு கிடைத்த முதல் சவாரி. கிழிந்த சீட்டோடு போனால் அதுவே கடைசிச் சவாரியாகவும் ஆகிவிடும்.

இரண்டு சீட்டுக்கும் புது நார்மெத்தை வைப்பதாகப் பேச்சு. லாயிட் குள்ளம் என்பதால் டிரைவர் சீட்டுக்கு மட்டும் மெத்தை இரண்டு அங்குலம் கூடுதல். ஆனால் மேலே ரெக்ஸினை இழுத்து ஆணி அடித்துவிட்டால் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்? போன வருஷம் ஒருவன் புது ஸ்டிக்கர் ஒட்டிய பழைய பேட்டரியை லாயிட் தலையில் கட்டினான். கேட்கப் போனால், "ப்ரூஃப் இருக்கா?" என்று சிரித்தான்.

அதனால் சீட்டைக் கழற்றும்போதே, டிரைவர் சீட்டின் அடிப்பலகையில் ஆணியால் சின்னதாக ஒரு சிலுவை கீறி வைத்திருந்தான். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டதிலிருந்து, மக்கிய நாரைப் பிய்த்தது, பலகையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தது வரை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தான்.

"என்னா தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி குறுகுறுன்னு பாக்குறே?" என்றாள் கடையில் வேலை செய்யும் சரசு, தையல் மெஷினில் இருந்தபடி.

"சும்மாதான்க்கா."

வெள்ளிக்கிழமை மதியம் அவன் வந்தபோது முனிகிருஷ்ணனும் சரசுவும் சாப்பிடப் போயிருந்தார்கள். கழுவிக் காய்ந்த பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன. இரண்டிலும் சாக்பீஸ் எழுத்து. ஒன்றில் ‘எ’. அவனுடைய சிலுவை இருந்த பலகையில் ‘ப’.

பழசு.

அப்படியானால் ‘எ’ என்பது ‘எடுத்தாச்சு’. அந்தச் சீட்டுக்குப் புது நார் எடுத்து வைத்தாகிவிட்டது. இதற்குப் பிய்த்த பழசையே திரும்ப வைக்கப் போகிறார்கள். கேட்டுவிடலாமா? இல்லையென்று சொன்னால்? தன் கணக்கே தப்பாக இருந்தால்? கடைசியில் கைக்குட்டையால் இரண்டு எழுத்தையும் துடைத்தான். மேசை மேலிருந்த சாக்பீஸை எடுத்து, சிலுவைப் பலகையில் ‘எ’ போட்டான், மற்றதில் ‘ப’. பழசு போகிற இடத்துக்குப் போகட்டும்; நாளெல்லாம் உட்காருகிறவன் அவன்தானே.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சீட்டுகள் பளபளவென்று தயாராக இருந்தன. முனிகிருஷ்ணன் உயரமான சீட்டைத் தூக்கி டிரைவர் பக்கம் வைத்தார். போல்ட் இறங்கவில்லை. திருப்பிப் பார்த்தார். துளைகள் வேறு பக்கத்துத் துளைகள்.

"ஏம்மா சரசு, எட எது, பல எதுன்னு கூடவா தெரியல? லெப்ட் பலகைல போய் டிரைவர் மெத்தைய வெச்சு ஆணி அடிச்சிருக்கே. எல்லாம் பிரிக்கணும். வண்டி இனி நாளைக்குச் சாயங்காலம்தான்."

"எடன்னா ‘எ’, பலன்னா ‘ப’ன்னு நாந்தான எழுதினேன். எழுத்தப் பாத்துத்தான் அடிச்சேன்."

"கண்ணு போச்சு உனக்கு. நாளைலேர்ந்து மெஷின மட்டும் பாரு."

எட, பல. கன்னடத்தில் இடது, வலது. ஆட்டோக்காரரிடம் லாயிடும் தினம் சொல்கிற வார்த்தைகள்தான். சரசு தொழில் கற்றது கன்னடக்காரர் கடையில். எழுதத் தெரிந்ததோ தமிழ் மட்டும். முனிகிருஷ்ணன் பிரித்த மூலையில் நார் தெரிந்தது. புது நார், பொன் நிறத்தில்.

சரசு தன் கண்ணையே சந்தேகப்படுகிறவள் போலப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை லாயிடால் தாங்க முடியவில்லை.

"நான்தாண்ணா மாத்தினேன்."

"எதை?"

"எழுத்தை. ‘ப’ன்னா பழசுன்னு நெனச்சிட்டேன்."

முனிகிருஷ்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். சரசு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இம்மாம் படிச்சிருக்கே, வாயத் திறந்து கேக்க மாட்டியா? வா. ஆணியெல்லாம் நீ புடுங்கு. ரெக்ஸின் கிழியாம."

ஏழரை மணிக்குச் சீட்டுகள் இரண்டும் இறுகி உட்கார்ந்தன. காலைச் சவாரி தப்பித்தது. லாயிடின் கட்டைவிரலில் மட்டும் ரத்தம்.

வேலைக்கு நடுவில் சரசு ஒருமுறை தண்ணீர் குடிக்க எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் திரும்பி வந்து, அவன் பக்கத்தில் கிடந்த சாக்பீஸை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.