சுட்டுப் பார்க்காத தகடு

கைவேலை டீச்சருக்கு அந்த லேசர் வெட்டும் மெஷின் பெற்ற பிள்ளை மாதிரி. இரண்டு வருஷம் கடிதம் மேல் கடிதம் எழுதி வரவழைத்தது. புதன்கிழமை பள்ளி நிதிக்காகப் பிள்ளைகளின் பெயர்ப்பலகைகளை வெட்டி விற்பதாக ஏற்பாடு. அந்த விற்பனையில் அது கைகொடுக்காவிட்டால் கைவேலை அறையையே மூடிவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அறை போனால் டீச்சரின் வேலையும் போகும்.

வெள்ளிக்கிழமை காலை, விளம்பரப் பலகை செய்யும் ஒருவர், ஒரு மாணவியின் அப்பா, கடையில் மீந்த வெள்ளைத் தகடுகளைச் சுமந்து வந்து இறக்கினார்.

“அக்ரிலிக்தானேண்ணா?”

“பின்னே? உங்களை ஏமாத்துவேனா டீச்சர்? எம்பொண்ணு மார்க்கு உங்க கையிலதானே இருக்கு! அவ பேரை முதல்ல வெட்டுங்க, பார்த்துட்டுக் கிளம்புறேன்.”

எந்தத் தகடு வந்தாலும் டீச்சர் ஸ்பிரிட் விளக்கில் செம்புக் கம்பியைக் காய்ச்சி, தகட்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுவார். சுடர் பச்சையானால் பிவிசி. மெஷின் பக்கமே போகக்கூடாது. அதன் புகை மனிதத் தொண்டையையும் இரும்பையும் சேர்த்தே தின்றுவிடும். ஆனால் இலவசமாகச் சுமந்து வந்தவர் எதிரே கம்பியைக் காய்ச்சினால் முகத்தில் அடித்தது போலாகாதா? அப்படியே வெட்டினார். பெயர் அழகாக வந்தது.

அவர் போனபிறகாவது சுட்டுப் பார்த்திருக்கலாம். ஒன்று நன்றாக வந்துவிட்ட தைரியத்தில் நாள் முழுக்க வெட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு நாளாகச் சளி, மூக்கடைப்பில் நெடியும் தெரியவில்லை. சாயங்காலம் தொண்டை எரிந்தபோது, சளி முற்றிவிட்டது என்றே நினைத்தார்.

திங்கட்கிழமை மூடியைத் திறந்தார். வெட்டும் தலை ஓடும் இரும்புத் தண்டவாளம் முழுக்கச் செந்துரு. லென்ஸில் கண்புரை விழுந்ததுபோல் ஒரு படலம். சுவிட்சைப் போட்டதும் வெட்டும் தலை ஒரு விரற்கடை நகர்ந்து, முனகி, நின்றுவிட்டது. முந்நூறு பிள்ளைகள் பெயர்ப்பலகை கேட்டிருந்தார்கள். முடிந்தது அறுபது.

இப்போது கம்பியைக் காய்ச்சினார். பச்சையென்றால் அப்படியொரு பச்சை.

“டீச்சர்!” வாசலில் அதே குரல். “உங்க அதிர்ஷ்டம், இன்னும் பத்துத் தகடு கிடைச்சுது. எங்க வைக்கட்டும்?”

அவர் முகம் நிறையச் சிரிப்பு. டீச்சர் சுடரை ஊதி அணைத்தார்.

“எங்க வேணா வைங்கண்ணா.”

“என்ன, குரலே சரியில்லையே?”

“சளிண்ணா.”

அவர் தகடுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுக் கிளம்பும்வரை டீச்சர் பொறுத்திருந்தார். பிறகு அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, தலைமையாசிரியை அறைக்கு நடந்தார்.