டன்பாரில் திறக்காத கதவு

ஓடும் ரயிலின் கழிவறைக் கதவை உதைத்துக்கொண்டிருந்தான் குடிகாரன். அவன் முறுக்கிவிட்ட கையோடு உள்ளே தாழிட்டுக்கொண்டு அழுதாள் கர்ஸ்டி. நியூகாசிலில் நர்ஸிங் படிக்கும் பெண். அடுத்து வரும் ஸ்காட்லாந்து ஊரான டன்பாரில் இறங்க வேண்டியவள்.

"நானும் டன்பார்லதான் இறங்குவேன் கண்ணு!" என்று கத்தினான்.

கார்டு ஷோனா நடுவில் புகுந்து, அவனை அடுத்த பெட்டிக்குத் தள்ளிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"வண்டி எங்கம்மா இருக்கு?" என்றார் இங்கிலாந்துப் போலீஸ்காரர்.

"இங்கிலாந்தோட கடைசி ஸ்டேஷன் பெர்விக் தாண்டியாச்சு. எல்லைப் பலகையும் இப்பத்தான் போச்சு."

"அப்ப ஸ்காட்லாந்து கேஸ். அவங்களுக்கு அடிங்க."

அடித்தாள். ஸ்காட்லாந்துப் போலீஸ்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு கையை முறுக்குனப்போ வண்டி எங்க இருந்துச்சு?"

"பெர்விக்குக்கு முன்னாடி."

"அது இங்கிலாந்தாச்சே மேடம்!"

ஷோனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் போலீஸ்காரரிடமே, பலகை இன்னும் வரவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தண்டவாளம் ஒன்று, வண்டி ஒன்று, அழுகிற பெண்ணும் ஒருத்திதான். இவர்களுக்கு மட்டும் இரண்டு நாடு வேண்டியிருக்கிறது.

டன்பாரில் வண்டி நின்றது. நடைமேடையில் ஒரு போலீஸ் தொப்பி கூட இல்லை. கர்ஸ்டியின் அம்மா மட்டும் கையசைத்துக்கொண்டு நின்றாள். ஷோனா கதவுகளைத் திறக்கவில்லை.

"மேட்ச் ஆரம்பிச்சிரும், திறம்மா!" என்றான் ஒரு பயணி.

"திறக்கிறேன் ராசா. அந்தப் பொண்ணை வீடு வரைக்கும் நீ கொண்டுபோய் விடுறியா?"

அவன் தன் இருக்கைக்குத் திரும்பிப் போனான்.

இரண்டாவது நிமிடமே ரயில்களைக் கண்காணிக்கும் கண்ட்ரோல் அறையிலிருந்து போன் அலறியது. அவர்களுக்குத் தாமதமான ஒவ்வொரு நிமிடத்தையும் யார் தலையிலாவது கட்டியாக வேண்டும்.

"ஏன் நிக்குது ஷோனா? இதை யார் பேர்ல எழுதுறது?"

"போலீஸ் பேர்ல எழுதுங்க. எந்த நாட்டுப் போலீஸ்னு அவங்களே பேசி முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் கதவு திறக்காது."

ஒன்பதாவது நிமிடம் இரண்டு போலீஸார் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். பெண்ணுக்காக வராதவர்கள், தாமதத்துக்காக வந்தார்கள். ஷோனா ஒரு கதவை மட்டும் திறந்துவிட்டாள். குடிகாரனை இறக்கிய பிறகு, அவர்களில் இளையவன் குறிப்பேட்டைப் பிரித்தான்.

"சம்பவம் நடந்தது எல்லைக்கு எந்தப் பக்கம்?"

கழிவறையிலிருந்து வெளியே வந்திருந்த கர்ஸ்டியின் சட்டைக் கையை ஷோனா மெல்ல மேலே தூக்கினாள். மணிக்கட்டில் ஐந்து விரல் தடமும் கன்றிப்போயிருந்தது.

"இந்தப் பக்கம்" என்றாள்.