எழுந்து போன அப்பா

காலை பதினோரு மணிக்கே வெளியில் நாற்பது டிகிரி வெயில். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் சின்ன அறையில் மூன்று நாற்காலிகளை நெருக்கிப் போட்டிருந்தாள் அதிகாரி கெர்ஸ்டன். மெல்போர்னிலிருந்து வடக்கே இந்தப் பழங்குடிச் சிற்றூருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. பழங்குடி மக்களின் பண்பாடு பற்றிக் கணினியில் இரண்டு மணி நேரப் பாடம் படித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். போதாதா!

விஷயம் இதுதான். ஒன்றரை வயது லெயானாவின் அம்மா சிறுநீரகக் கோளாறால் தொலைவில் டார்வின் நகர ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அப்பா டெஸ்மண்டுக்கு மாட்டுப்பண்ணையில் வேலை. குழந்தையை அவனும் மாமியார் மாவிஸும் வளர்ப்பதா, டார்வினில் முன்பின் தெரியாத வீட்டுக்கு அனுப்புவதா? இன்று முடிவாக வேண்டும்.

டெஸ்மண்ட் குழந்தையோடு வந்து உட்கார்ந்தான். சற்று நேரத்தில் வாசலில் மாவிஸ் தெரிந்தாள். அவ்வளவுதான், குழந்தையைக் கெர்ஸ்டன் மடியில் வைத்துவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே போய்விட்டான். மாவிஸும் துண்டால் முகத்தை மறைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டெஸ்மண்ட், உங்க பொண்ணப் பத்தித்தானே பேசணும்? உள்ள வாங்க!"

மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன் அசையவில்லை.

"உங்க மருமகன் குழந்தைய நல்லாப் பாத்துக்குவாரா?" என்று மாவிஸிடம் கேட்டாள். அவள் துண்டை இன்னும் இழுத்து விட்டுக்கொண்டாள்.

கெர்ஸ்டன் எழுதினாள்: 'தந்தைக்கு அக்கறை இல்லை. குடும்பத்தில் பகை.' டார்வினுக்குப் போன் போட்டாள். மேலதிகாரி சரி என்றார்.

அரை மணியில் லெயானா காரின் பின்சீட்டில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். மாவிஸ் கார் கதவைப் பிடித்துக்கொண்டு கதறினாள். ஓடி வந்த டெஸ்மண்ட் பத்தடி தள்ளியே நின்றுவிட்டான். கண்ணீர் கொட்டுகிறது, அடி எடுத்து வைக்க முடியவில்லை.

"பாத்தியா ரொவீனா? இப்பக்கூட கிட்ட வரல. என்ன மனுஷன் இவரு! நீ வண்டிய எடு," என்றாள் கெர்ஸ்டன்.

அந்த அலுவலகத்தின் ஒரே பழங்குடி ஊழியர் ரொவீனா. அவள் எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எடுக்க மாட்டேன். ரெண்டு பேரையும் ஒரே ரூம்லயா உக்கார வெச்சீங்க? ஐயோ கடவுளே! எங்க சனத்துல மருமகன் மாமியார் மூஞ்சியப் பாக்கக் கூடாது, ஒரு வார்த்த பேசக் கூடாது. அவ்ளோ மரியாத. அந்தம்மா கதவ விட்டா அடுத்த நிமிஷம் புள்ளயத் தூக்கிக்குவாரு அவரு!"

"யாரும் எங்கிட்ட சொல்லலையே..."

"நீங்க கேட்டீங்களா? நாலு மாசமா என்னக் காரோட்டத்தான் கூப்பிடுறீங்க."

கெர்ஸ்டனுக்கு முகம் செத்துவிட்டது. குழந்தையை இறக்கி மாவிஸிடம் கொடுத்து அறையில் உட்கார வைத்தாள்; டெஸ்மண்ட் மரத்தடிக்குத் திரும்பினான். ரொவீனாவைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கும் அறைக்குமாக நடந்தாள்.

"வாராவாரம் கறியும் விறகும் என் தங்கச்சி கையில அவங்களுக்குக் குடுத்தனுப்புறேன். புள்ளயும் அங்கதான் தூங்கும்," என்றான் டெஸ்மண்ட்.

"அவன் மாதிரி புள்ள கெடைக்காது. இன்னைக்கு அவன் எழுந்து போகாம இருந்திருந்தாத்தான் நான் பயந்திருப்பேன்," என்றாள் மாவிஸ்.

கெர்ஸ்டன் மறுபடி போன் போட்டாள். மேலதிகாரி எரிந்து விழுந்தார்.

"அப்பனே எழுந்து போயிட்டான்னு நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா சார், ஏன்னு கேக்காமலே எழுதிட்டேன். ஒரு குடும்பத்தோட மரியாத எதுல இருக்குன்னு தெரியாதவங்க, அவங்க குழந்தைமேல கை வைக்கக் கூடாது. குழந்தை வீட்டுக்குப் போகுது."