மளிகை என்ற குழு

நான் மௌத்தான செய்தி எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அப்போது தேக்கா பக்கத்தில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஒரு சீன ஆசிரியைக்குப் புது ஃபிரேமைக் காதில் மாட்டி, இடது பக்கம் இறங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஜாஃபர் வந்தான். என் சின்னத்தா மகன், அதாவது சித்தப்பா பிள்ளை; அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பான். இரண்டு தெரு தள்ளித் துணிக்கடை வைத்திருக்கிறான். தலையில் தொப்பி, முகமெல்லாம் வியர்வை. என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"காக்கா," என்றான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. நீங்க ஃபோனப் பாருங்க."

சொல்லிவிட்டு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஆசிரியைக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

'நம்ம குடும்பம்' என்கிற வாட்ஸ்அப் குழுவை நான் வெகுநாளாகவே ஊமையாக்கி வைத்திருந்தேன். காலை வணக்க ரோஜாப்பூக்களும், வெண்டைக்காயைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடித்தால் என்னென்ன நோய் போகும் என்கிற தகவல்களும் வந்து விழும் இடம் அது. திறந்து பார்த்தால் என் மனைவி முனீரா காலையில் ஒரு செய்தி போட்டிருந்தாள். "அவர் மௌத்தாகிவிட்டார்" என்று தொடங்கியது. அதற்குக் கீழே தள்ளத் தள்ள, மரணச் செய்திக்குச் சொல்லும் இன்னா லில்லாஹி. முதலில் போட்டவர் நாகூரில் இருக்கும் மாமா. அவர் போட்டதும் மற்றவர்கள் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை. மௌத்துச் செய்தி என்றால் எங்கள் ஆட்கள் முதலில் துஆவைப் போட்டுவிட்டு அப்புறம்தான் விசாரிப்பார்கள். ஜனாஸா அடக்கம் எத்தனை மணிக்கு என்று ஒருவர். ஜொகூரிலிருந்து காரில் வரட்டுமா என்று ஒருவர். என் படத்தை வேறு யாரோ போட்டிருந்தார்கள், அதுவும் நல்ல படம் இல்லை. அர்ஃபான் மச்சான், இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனிதர், 'தங்கமான மனுசன்' என்று எழுதியிருந்தார்.

முனீராவுக்கு எல்லாரும் போன் அடித்திருக்கிறார்கள். அவள் வேலை பார்ப்பது சாங்கியில், விமானச் சரக்குக் கிடங்கில். உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். என்னுடையதும் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. இருவரும் எடுக்காததே செய்தி உண்மை என்பதற்குப் போதுமான சாட்சியாகிவிட்டது.

நான் அந்தச் செய்தியை முழுதாகப் படித்தேன்.

'அவர் மௌத்தாகிவிட்டார். எல்லாரும் போன பிறகு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன். கட்டிலின் காலடியில் காற்று மெத்தையின் மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து சுவிட்சை அணைத்தேன். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் படுத்து, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். வெளியே அழுதவர்கள் எல்லாரையும்விட அவரை நேசித்தவள் நான்தான் என்று யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.'

எழுத்து என்றால் எனக்குக் கண் பரிசோதனைப் பலகையில் மேலே பெரிதாகவும் கீழே சிறிதாகவும் இருப்பதுதான். இருந்தாலும் அதை இன்னொரு முறை படித்தேன். அடுத்த நிமிடம் சிரிப்பும் வந்தது. 'நான் உயிரோடதான் இருக்கேன். இது முனீரா எழுதுற நாவல்ல ஒரு பகுதி. தவறுதலா இங்க வந்துடுச்சு' என்று எழுதினேன்.  பிறகு சிரிப்புப் பொம்மைகள் வந்தன. மௌத்தை வைத்து விளையாடாதீர்கள் என்று நாகூர் மாமா கோபித்துக்கொண்டார். அர்ஃபான் மச்சான் தன் பாராட்டைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டார். அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி தெரிந்தது: பதுருன்னிசா குழுவிலிருந்து வெளியேறினார்.

அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுபோனது.

பதுருன்னிசா என் ராத்தா, கூடப் பிறந்த அக்கா. ஈசூனில் தனியாக இருக்கிறார். மச்சான் அப்துல் ஹமீது பக்கவாதம் வந்து பல வருடம் படுக்கையில் கிடந்தபோது, புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை வாடகைக்கு எடுத்து, இரவு பகல் பார்க்காமல் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டவர். மச்சான் மௌத்தான அன்று இரவு ராத்தா தூங்கிவிட்டார். கதவுக்கு வெளியே குறட்டைச் சத்தம் கேட்டதாம். மய்யித்து எடுத்த வீட்டில் முதல் நாளே குறட்டையா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிகிற வரைக்கும் பேசினார்கள். முனீரா யாரை எழுதியிருக்கிறாள் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

என் மனைவி எழுதும் விதத்தைச் சொன்னால்தான் இந்தத் தவறு எப்படி நடந்தது என்று புரியும். எங்கள் வீடு சுவா சூ காங்கில். வேலை சாங்கியில். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ரயில். பகலெல்லாம் சரக்குச் சீட்டுகள் பார்ப்பாள்: பெட்டியில் என்ன, எடை எவ்வளவு, எந்த ஊருக்கு. ஓர் எண் மாறினால் யாருடைய மருந்தோ வேறு நாட்டில் போய் இறங்கும். வீட்டுக்கு வந்தால் சமையல், துவைத்த துணி, பாலிடெக்னிக் படிக்கும் மகளின் கோபதாபங்கள். எழுத அவளுக்கு இருப்பது அந்த ரயில் மட்டும்தான். உட்கார இடம் கிடைத்தால் இரண்டு கட்டைவிரலால் எழுதுவாள், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலால். எழுதியதைப் பத்திரமாக வைக்க வாட்ஸ்அப்பில் 'மளிகை' என்று ஒரு குழு வைத்திருந்தாள். தன்னை மட்டும் வைத்துக் குழு தொடங்கத் தெரியாததால் முதலில் என்னைச் சேர்த்தாள், மறு நொடியே நீக்கிவிட்டாள். இருபது வருட இல்லறத்தில் இப்படி ஓர் அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை. 'மளிகை' எப்போதும் மேலே இருக்கும், அதற்கு அடுத்தது 'நம்ம குடும்பம்'. அன்று தானா மேராவில் ரயில் மாற ஓடுகிற அவசரத்தில் விரல் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது.

ஒன்றும் வராத நாட்களும் உண்டு. தூக்கம் சொக்கும், முந்தின நாள் மேலதிகாரி சொன்னது மண்டைக்குள் ஓடும். அன்றைக்கு, 'இன்று ஒன்றும் வரவில்லை' என்று எழுதி மளிகைக்கு அனுப்புவாளாம். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது மாதிரி. நான் இதைக் கேட்டுச் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். கூலி இல்லை, கேட்பார் இல்லை, விடுப்பு எடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி ஒரு வேலைக்கு வருடக்கணக்காக ஆஜர் சொல்ல என்னால் முடியாது. எனக்குத் தெரிந்த யாராலும் முடியாது.

இதற்கிடையில் அவள் நிறுவனம் ஜூரோங்கில் கிளை திறந்திருந்தது. வீட்டிலிருந்து ஒரே பஸ், உட்கார்ந்து எழுவதற்குள் இறங்கிவிடலாம். மாறிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தார்கள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். குடும்பமே அதிர்ஷ்டம் என்றது. அவள் மட்டும், "ஜூரோங் போனா நாவல் போயிடும்" என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். கடைசி அத்தியாயத்தில் இருந்தாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"ராத்தா ஃபோன் எடுக்க மாட்டேங்குறாங்க," என்றாள்.

"எடுப்பாங்க. ரெண்டு நாள் விடு."

"நான் ஜூரோங்குக்கே போயிடுறேங்க."

"ஏன் இப்ப அதப் பேசுற?"

"எழுதணும்னுதானே இவ்வளவு தூரம் போனேன். இனிமே எதுக்கு?"

அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை. அரிசி களையப் போய்விட்டாள். அடுத்த நாட்களில் ரயிலில் என்ன செய்தாய் என்று கேட்டேன், ஏதோ வீடியோ பார்த்தாளாம், பூனை பியானோ வாசிக்கிறதாம்.  'இன்று ஒன்றும் வரவில்லை' என்றுகூட அவள் எழுதவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் ராத்தா வந்தார். கையில் ஒரு டப்பா இல்லை. சமோசாவோ பாயாசமோ இல்லாமல் வெறுங்கையோடு ராத்தா ஒரு வீட்டுக்குள் நுழைந்து நான் பார்த்ததே இல்லை. சோபாவில் உட்கார்ந்தார். முனீரா கொண்டுவந்த தேநீரைத் தொடவில்லை.

"முழுசா நீயே எழுதினதா?"

"ஆமா ராத்தா. மன்னிச்சிடுங்க. எல்லாத்தையும் அழிச்சிடுறேன். இனிமே எழுதல."

"எழுதாதேன்னு நான் சொன்னேனா?"

முனீரா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"குழுவ விட்டு வெளிய போயிட்டீங்களே," என்றாள் மெல்ல.

"ஆளாளுக்கு ஃபோன் போட்டு, உன்னத்தான் எழுதியிருக்கா, உன்னத்தான் எழுதியிருக்கான்னா நான் என்ன செய்யறது? அவங்க தொல்ல தாங்காமதான் போனேன்." ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "மோட்டர அணைச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சமையக்கட்டுல பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். சத்தம் நின்னது கேட்டுச்சு. அதோட கெளம்பி வந்துட்டேன்."

"அதான்." ராத்தா தலையசைத்தார். "நீ கெளம்பிட்ட. அதனாலதான் தப்பா எழுதியிருக்க."

எங்கள் மாடிக்குக் கீழே எல்ஆர்டி ரயில் கடந்து போகும் சத்தம் கேட்டது. ராத்தா அது போகும்வரை காத்திருந்தார்.

"மோட்டர அணைச்சேன், சரி. அமைதியா இருந்துச்சு, அதுவும் சரி. ஆனா தூக்கம் வரல லா. காது அதையே தேடுது. எத்தன வருசம் அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுப் படுத்தேன். அது ஓடுனா அவரு இருக்காருன்னு அர்த்தம். எந்திரிச்சு திரும்ப சுவிட்சப் போட்டேன். வெறும் மெத்த, ஆள் இல்ல, காத்து ஏறுது எறங்குது. அப்புறம்தான் தூங்கினேன். மெத்தய எடுத்துட்டுப் போக மறுநாள் ஆள் வந்தாங்க. இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

 கூடப் பிறந்தவன் நான், எத்தனை பெருநாளைக்கு அந்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், இதை ஒரு நாளும் கேட்டதில்லை. ராத்தாவின் கையைப் பிடித்து, கவலைப்படாதீங்க, அல்லாஹ் இருக்கான், என்று எல்லாரும் சொல்வதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எந்தப் பக்கம் படுத்தீங்க ராத்தா?" என்று கேட்டாள் முனீரா.

நான் திடுக்கிட்டேன். இதெல்லாமா கேட்பது?

"சுவத்துப் பக்கம். அவரு பக்கத்த விட்டுட்டு."

"அந்த மெத்தையிலயா?"

"வேற எங்க? ஓரமாப் படுத்தா காத்து நம்மளயும் தூக்கும். தூக்கித் தூக்கி எறக்கும்."

"வெளக்கு எரிஞ்சுதா?"

"மோட்டர்ல ஒரு சின்ன பச்ச வெளக்கு உண்டு. அது போதும்."

முனீரா கேட்டுக்கொண்டே போனாள். சேலை மாற்றினீர்களா, அவருடைய தலையணையை என்ன செய்தீர்கள், முதலில் வந்தது கனவா வெறும் தூக்கமா. ராத்தா ஒவ்வொன்றுக்கும் நிதானமாக, சில சமயம் கண்ணை மூடி யோசித்துப் பதில் சொன்னார். அவருடைய முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஊரே இவருக்கு ஆறுதல் சொன்னது, ஊரே இவரைப் பற்றிப் பேசியது, எந்தப் பக்கம் படுத்தீர்கள் என்று கேட்க மட்டும் இத்தனை வருடத்தில் ஓர் ஆள் இல்லை. நாள் முழுவதும் எடை பார்த்து, ஊர் பார்த்து, களைத்து வருகிற என் மனைவிக்கு மட்டும் அதைக் கேட்கத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவளைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயமாகவும், ரொம்பப் பெருமையாகவும் இருந்தது. கிளம்பும் முன் ராத்தா ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்து, சீனி போதவில்லை என்றார்.

திங்கட்கிழமை காலை அவளோடு நானும் ரயில் ஏறினேன். கடை திறக்க நேரம் இருக்கிறது, சும்மா வருகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜூரோங் ஈஸ்ட்டில் மாறியதும் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எச்ஆருக்கு இன்னிக்குப் பதில் சொல்லணும்ல?"

"ம். சாங்கியிலயே இருந்துக்கிறேன்னு சொல்லிடுவேன்," என்றாள். கட்டைவிரல்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன.

கிளமெண்டி போனது, டோவர் போனது. பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள். யாரோ ஒருவரின் குடை அவள் முழங்காலில் இடித்தது, நிமிரவில்லை. ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியபோது எழுதுவதை நிறுத்தினாள். அனுப்பும் முன் குழுவின் பெயரை உற்றுப் பார்த்தாள், பிறகு இன்னொரு முறை பார்த்தாள். நானும் பார்த்தேன், தூரப்பார்வை எனக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. 'மளிகை' என்றிருந்தது. அதன் கீழே அவள் பெயரோடு இன்னொரு பெயரும் இருந்தது. என்னுடையது இல்லை.

அனுப்பிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டாள். திரை அணையாமல் விரலால் அவ்வப்போது தொட்டுக்கொண்டே இருந்தாள். காலாங்கில் ரயில் சுரங்கத்தைவிட்டு வெயிலுக்குள் ஏறியபோது, கண் கூச இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரைமேல் குனிந்தோம். பதுருன்னிசா டைப் செய்கிறார் என்று வந்தது. நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தது.