வேட்டி மடிப்பில் ஒரு பொட்டலம்

துபாய்க்கு வருகிறவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று மகள் தனப்பிரியா வாட்சப்பில் அனுப்பிய பதினேழு சங்கதிகளையும் கந்தன் ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டியிருந்தார். ஏழு மாதக் கர்ப்பிணியான மகளைத் தலைப்பிரசவத்துக்கு நாமகிரிப்பேட்டைக்கு அழைத்து வர வேண்டும். மருமகன் மணிமாறனுக்கு லீவு கிடைக்கவில்லை, மனைவி ஜோதிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ஆகவே மஞ்சள் மூட்டையோடு ஈரோடு போய் வருவதையே பெரிய யாத்திரையாக நினைக்கும் மனுஷன் விமானம் ஏற வேண்டியதாயிற்று.

சர்க்கரை மாத்திரையை அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் எடுத்துக்கொள்ள வேண்டும். போலீஸ்காரர்களையும் முன்பின் தெரியாத பெண்களையும் போட்டோ எடுக்கக் கூடாது. வெளியே கால் வைத்தால் கையில் தண்ணீர் பாட்டில் வேண்டும். நினைத்த இடத்தில் ரோட்டைத் தாண்டக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது. கந்தன் அதற்காக ஒரு வாரம் முன்பே வெற்றிலையை விட்டுவிட்டார். ஒன்பதாவது சங்கதியைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: கசகசா கூடவே கூடாது.

ஜோதி இருக்கிறாளே, அவளும் அதைப் படித்தவள்தான். டப்பாவிலிருந்த கசகசாவை அவள் தொடவே இல்லை. ஆனால் குழம்புப் பொடியில் அது வறுபட்டு, அரைபட்டு, கலந்து கிடந்தது. பொடியான பிறகு மிளகாய் எது, மல்லி எது, கசகசா எது என்று எந்தக் கொம்பன் கண்டுபிடிப்பான்? அப்படித்தான் நினைத்தாள். "அம்மா, இங்க கடப்பொடி வாசம் பட்டாலே கொமட்டுது. உன்ற கொழம்புதான் வேணும்" என்று மகள் போனில் அழுதிருந்தாள். பத்து நாளில் ஊருக்கே வரப்போகிற பெண்! அதுவரை பொறுத்தால் என்ன குடியா முழுகிவிடும்? பெற்ற மனசு கேட்டால்தானே. கணவர் பார்த்தால் தூக்கி வெளியே வைத்துவிடுவார் என்று, ஒரு கிலோ பொடியை இரட்டைக் கவரில் கட்டி, அவருடைய வேட்டி மடிப்புக்குள் செருகிப் பெட்டியைப் பூட்டினாள்.

விடிகாலையில் அண்ணன் கந்தனைத் திருச்சி ஏர்போர்ட்டில் இறக்கிவிட்ட காளிதாஸ், மத்தியானம் திரும்பிவந்து சாப்பிட உட்கார்ந்தான். நாமக்கல்லில் அரபு நாடுகளுக்கு முட்டை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவன்.

"கோழிக் கொழம்பு சும்மா கும்முனு இருக்குதுங்க அண்ணி. என்ன போட்டீங்க?"

"எப்பவும் போடற கசகசாப் பொடிதான்."

"நல்லவேள, அண்ணன் இதக் கொண்டுக்கிட்டுப் போவல" என்று சிரித்தான் காளிதாஸ். "எங்க டிரைவரோட மச்சான் கொண்டு போனாரு. அங்க அதுக்கும் அபினிக்கும் ஒரே சட்டமுங்க. நாலு மாசம் உள்ள வெச்சிட்டாங்க."

"பொடியா அரைச்சாக்கூடவா?"

"அரைச்சா என்னங்க, கரைச்சா என்னங்க? நாயும் மிசினும் எதுக்கு இருக்குது?"

ஜோதி கையிலிருந்த கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "சாமி, நான் கெட்டேன். உங்கண்ணன் பொட்டியில வெச்சு அனுப்பிட்டேன்" என்றாள்.

காளிதாஸ் சாப்பாட்டுக் கையோடு எழுந்துவிட்டான். கந்தனுக்குப் போன் போட்டால் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. விமானம் வானத்தில் இருந்தது. மணிமாறனைக் கூப்பிட்டார்கள். அவன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"நான் வாசல்ல நிக்கலாம் அத்தை, உள்ள விடமாட்டாங்க. அவரு எறங்கி போனப் போடறதுக்குள்ள பொட்டி மிசினுக்குப் போயிரும். பிரியாகிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க."

மூன்று மணிக்கு விமானம் இறங்கிவிட்டதாகக் காளிதாஸின் போன் காட்டியது. அப்போதிருந்து கந்தனின் போன் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. அணைந்து கிடந்தபோதுகூட ஜோதி இவ்வளவு பயப்படவில்லை. மேசைமேல் வேட்டியை உதறுகிறார்கள், பொட்டலம் விழுகிறது, "நான் எதுவும் கொண்டு வரலீங்க" என்று கந்தன் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். சத்தியமே செய்வார், அவருக்குத்தான் தெரியாதே. பாவி, ஒரு வாய் குழம்புக்கு ஆசைப்பட்டு மனுஷனைக் கம்பிக்குள் தள்ளிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்தாள். போதுமோ போதாதோ என்று அடுத்த நிமிஷமே வெண்ணெய்க் காப்பையும் சேர்த்துக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கந்தனே கூப்பிட்டார். காளிதாஸ் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஜோதி, வெளிய வந்துட்டன். மாப்ள தூரத்துல கையக் காட்டிக்கிட்டு வாராரு."

"ஏன் போன எடுக்கலீங்க? உசுரே போயிருச்சு!"

"வரிசையில நிக்கறப்ப போன நோண்டக் கூடாதுன்னு புள்ள எழுதியிருந்துச்சல்ல?"

"பொட்டியத் தொறந்தாங்களா?"

"தொறந்து வேட்டியெல்லாம் ஒதறிப் பாத்தாங்க. ஒன்னுமில்லைன்னு உட்டுட்டாங்க."

ஜோதி அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். அப்புறம்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. "வேட்டிக்குள்ள ஒரு பொட்டலம் இருந்துச்சுங்களே?"

"நீ ஒளிச்சு வெச்ச மொளகாப்பொடிதான? திருச்சியில எட போட்டப்ப பொட்டி ஒரு கிலோ கூடிப் போச்சு. தொறந்து பாத்தா இந்தப் பொட்டலம். பின்னால நின்ன ஒரு புள்ள, 'எம் பொட்டியில எடம் இருக்குது, குடுங்கப்பா, அங்க போயி வாங்கிக்கங்க'ன்னு வாங்கி வெச்சுக்கிச்சு. ஆத்தூராம், அமுதவல்லின்னு பேரு. நர்சு வேலைக்கு மொதத் தடவ வருது. அதுக்கோசரந்தான் நிக்கறன். அது பொட்டியத் தொறந்து பாத்துட்டு, என்னமோ ஒரு ரூமுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க. இன்னும் வரக்காணம்."

காளிதாஸ் சட்டென்று போனை உள்ளங்கையால் பொத்தினான். "அண்ணி, வாயத் தொறக்காதீங்க. அண்ணன் தப்பிச்சாச்சு. நேரா மாப்ள ஊட்டுக்குப் போவச் சொல்லுங்க. அங்க பிரியா வயித்துப் புள்ளையோட ஒக்காந்திருக்குது."

அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை என்றுதான் ஜோதிக்கும் பட்டது. ஒரு வார்த்தை போதும், 'கெளம்புங்க' என்றால் கிளம்பிவிடுவார். நிஜத்தைச் சொன்னால் இந்த மனுஷன் என்ன செய்வார் என்பதும் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியும். ஆனால் ஆத்தூரில் எவளோ ஒருத்தி இந்நேரம் மகள் போனுக்காகக் காத்துக்கொண்டு இருப்பாள். அவள் மகளுக்கு அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

ஜோதி கொழுந்தனின் கையை விலக்கினாள்.

"ஏனுங்க, அதுல கசகசா அரைச்சிருக்குதுங்க. நாந்தான் உங்களுக்குத் தெரியாம வெச்சேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். காளிதாஸ் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான்.

"அது என்னைய அப்பான்னு கூப்புட்டுச்சு ஜோதி" என்றார் கந்தன். பிறகு மணிமாறன் பக்கத்தில் வந்திருக்க வேண்டும்.

"மாப்ள, மறுக்கா உள்ள போறதுக்கு வழி எதுங்க?" என்று அவர் கேட்பது ஜோதியின் காதில் விழுந்தது.