மூக்கில் போட்ட தையல்

"...காய்ச்சல்ல மூணே நாள்ல போயிட்டான்மா. ஆனா நாங்க ஒரு குறையும் வைக்கல. கப்பல் பாய்மரத் துணியில சுத்தித் தச்சு, காலடியில ரெண்டு பீரங்கிக் குண்டு வச்சு, உசிரு இல்லங்கறது உறுதியாகக் கடைசித் தையல மூக்கு வழியா இழுத்து, முறைப்படி கடல்ல இறக்கினோம்."

சொல்லிவிட்டு கேப்டன் ஆம்புரோஸ் கிட்டோ பீர்க் குவளையை எடுத்தார். பிரிஸ்டல் துறைமுகத்துக் கடையில் அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் வாய்பிளந்து உட்கார்ந்திருப்பார்கள். டாம்சின் மட்டும் நின்றாள். கணவன் டிகரி உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள வந்தவள் அவள்.

உலகத்தைச் சுற்றிவந்த வீரராம்! ஸ்பானியத் தங்கக் கப்பலைப் பிடிக்கப் போனவருக்கு அகப்பட்டவை கொழுப்புப் பீப்பாய் ஏற்றிய இரண்டு படகுகள். தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கரையில் ஒரு மீனவக் கிராமத்தைக் கொளுத்திக் கோழிகளை அள்ளி வந்தார். இப்போது அதற்குப் பெயர் போர். எதிரிக் கப்பல்களைப் பிடிக்க ராணி கொடுத்த முத்திரைக் காகிதம் பெட்டியில் இருந்ததால் அவர் கொள்ளைக்காரர் இல்லை. காகிதம் இல்லாதவர்களை அதே வேலைக்குத் தூக்கில் போட்டார்கள்.

"யார் தச்சது?" என்றாள்.

"என்னது?"

"என் புருஷன் உடம்ப."

"இதென்ன கேள்வி? கப்பல்ல பாய் தைக்கிறவன் எதுக்கு இருக்கான்?"

மூலையிலிருந்து ஒரு கிழட்டு மாலுமி சிரித்துவிட்டான். "யோவ் கேப்டன், பாய் தைக்கிறவனே டிகரிதானய்யா! செத்தவன் எந்திரிச்சுத் தன் மூக்கத் தானே தச்சுக்கிட்டானா?"

கடையே குலுங்கியது. டாம்சின் சிரிக்கவில்லை. பொய்யைக்கூட ஒழுங்காகத் தைக்கத் தெரியாத ஆளை நம்பியா புருஷனைக் கடலுக்கு அனுப்பினோம்?

கேப்டன் குவளைக்குள் முணுமுணுத்தார். "ஊரக் கொளுத்த வரமாட்டேன்னான். சொல் பேச்சு கேக்காதவனக் கப்பல்ல வச்சுக்க முடியுமா? தண்ணி, ஆடு எல்லாம் இருக்கற தீவுலதான் இறக்கிவிட்டேன். துப்பாக்கிகூடக் குடுத்தேன்."

தர்மப் பிரபு! அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனால் உலகத்தில் அந்தத் தீவின் இடம் தெரிந்தது இந்த ஒரு வாய்க்குத்தான். எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"காலையில ஒரு கப்பல் தென்கடலுக்குப் போகுது. இடம் தெரிஞ்சா அவர ஏத்திட்டு வரேன்னிருக்காங்க. அந்தத் தீவு எங்க இருக்கு? சொல்லுங்க, கேப்டன்."