ஆடாத உச்சி

நான் ஞானையன். நாளொன்றுக்கு நாற்பது பனை ஏறி இறங்குகிறவன். அந்தத் திமிர்தான் என்னை எங்கள் ஊர் வேதக்கோயிலின் கோபுர உச்சியில் கொண்டுபோய் நிறுத்தியது.

1951ஆம் வருஷம். மணிக்கூண்டுக்கு மேல் கூர்கோபுரம் கட்டி முடிந்திருந்தது. சாரமோ நுனிக்கு ஓர் ஆள் உயரம் கீழேயே நின்றுவிட்டது. அந்த நுனியில் இரும்புச் சிலுவையை நட ஒரு கொத்தனாருக்கும் தைரியம் வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே எழுந்து, இது எனக்கு வளராத வடலிப் பனை என்றேன். பெண்கள் பக்கத்தில் பூங்கனி உட்கார்ந்திருந்தாள், வேறென்ன. சாந்து சுமக்கிறவள், மூத்த கொத்தனார் முத்துநாயகத்தின் மகள். எங்கள் இருவருக்கும் சம்மதம். அவருக்குத்தான் என் வாயைப் பிடிக்காது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குருசை நட்டியானா பொண்ணு ஒனக்கு. நடாம எறங்கினா எம்முற்றத்துல கால் வைக்கப்பிடாது."

திங்கள் காலை பாட்டுப் பாடிக்கொண்டே சாரம் ஏறினேன். கயிற்றில் சிலுவையை மேலே இழுத்துச் சாரத்தோடு கட்டினேன். மேற்கே கடல், வடக்கே வேளிமலை, கீழே குன்றிமணி அளவில் முத்துநாயகத்தின் தலை, பக்கத்தில் சாந்துச்சட்டியோடு பூங்கனி. சந்தோஷம் தாங்காமல் சத்தமாகச் சிரித்தேன். பிறகு தொற்றி ஏறி நுனியைக் கட்டிப்பிடித்தேன். உடனே தலை சுற்றியது.

பனை ஆடும். அது ஒரு பக்கம் சாய்ந்தால் நாம் மறுபக்கம் சாய்வோம். பதினைந்து வருஷமாக என் உடம்புக்கு அதுதான் பழக்கம். இந்தக் கோபுரமோ அசையவே இல்லை. அது அசையாததால் வானம் அசைந்தது, கடல் எழும்பி மலைமேல் ஏறியது. கண்ணை மூடினால் இன்னும் மோசம். இறங்கிவிடலாம்தான். இறங்கினால் பூங்கனி இல்லை. அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

மணி அடிக்கும்போது கூண்டுச் சுவரே அதிரும், சாய்ந்தால் முதுகு குறுகுறுக்கும். அது நினைவுக்கு வந்ததும் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏட்டி பூங்கனி, மணிய அடிட்டி. நிறுத்தாம அடி."

திங்கட்கிழமை எதற்கு மணி என்று கோயில் உபதேசியார் தடுத்தாராம். சாந்துச்சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் மணிக்கயிற்றில் தொங்கினாள்.

கோபுரம் மெல்ல ஆடியது. அரை விரல்கடை இருக்குமோ என்னவோ, எனக்கு அது போதும். வானம் தன் இடத்துக்குப் போனது, கடல் இறங்கிப் படுத்தது. நான் சிலுவையின் கட்டை அவிழ்த்தேன்.

அதற்குள் கீழே ஊர் திரண்டுவிட்டது. வயலில் நின்றவர்கள் அரிவாளோடு வந்தார்கள். தீப்பிடித்ததென்று தண்ணீர்க் குடத்தோடும் சிலர் வந்தார்கள். நேசபாய் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து, யார் செத்தது என்று கேட்டாளாம்.

பூங்கனி கயிற்றை விடவில்லை. "ஆரும் சாவல அக்கா. எனக்குக் கல்யாணம்."

சிலுவை அப்போது நுனியில் விட்டிருந்த குழிக்குள் இறங்கக்கூட இல்லை.

இறக்கினேன். ஆப்படித்து, சாந்து திணித்து, அசைத்துப் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கினேன். மணி ஓயவில்லை. நடுவில் அடி மாறியது, பலமாக, நிதானமாக. இவளுக்கு இவ்வளவு வலுவா என்று வியந்துகொண்டே வந்தேன்.

கீழே பூங்கனி உள்ளங்கை உரிந்துபோய் ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வேர்வை ஒழுகக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர் முத்துநாயகம்.

"எறங்கிட்டேன் மாமா," என்றேன். அப்படி அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் சாரத்தில் இருந்த என் ஒற்றைக் காலைப் பார்த்தார்.

"ரெண்டையும் ஊணுலே."

ஊன்றினேன். அதன் பிறகுதான் கயிற்றை விட்டார்.